ரொட்டி வாங்கப் போன ரோடு

முதல் தடவை கூப்பிட்டால் அத்தான் திரும்ப மாட்டார். இரண்டாவது தடவைக்கும் அப்படியேதான் இருப்பார். மூன்றாவது தடவை கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டால், எங்கேயோ போயிருந்த ஆள் வீடு திரும்புகிற மாதிரி மெதுவாக முகம் திரும்பும். "என்ன மாப்ள?" என்பார். காதில் ஒரு கோளாறும் கிடையாது. கார் இன்ஜினில் பெல்ட் லேசாகக் கீச்சிட்டால் நான் கவனிப்பதற்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார். மனிதர்கள் கூப்பிடுவது மட்டும்தான் அவர் காதில் விழ நேரமாகும்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்தது வீட்டு டிரைவர் வேலை. கூப்பிட்டால் ஓட வேண்டும், அதற்குத்தான் சம்பளம். ஷார்ஜாவில் அவருடைய முதலாளி, எல்லோரும் அர்பாப் என்று சொல்கிற அரபி, பெரிய வீடு கட்டிக் குடும்பத்தோடு இருந்தார். கேட்டை ஒட்டி டிரைவருக்கு ஒரு அறை. கட்டில் போட்டது போக மிச்ச இடத்தில் செருப்பைக் கழற்றிப் போடலாம், அவ்வளவுதான். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒரு மணி. வீட்டுக்குள்ளே யாராவது பொத்தானை அமுக்கினால் அத்தானின் மண்டைக்கு மேலே அடிக்கும். மேடம் டெய்லரிடம் போக வேண்டுமா, மணி. சின்னப் பையனுக்கு ஐஸ்கிரீம் வேண்டுமா, மணி. வீட்டுப் பூனை கேட்டைத் தாண்டிவிட்டால் அதற்கும் மணி. போதாதென்று கையில் ஒரு மொபைல்.

"பெரியாஸ்பத்திரி டாக்டருகூட இப்படி ஓட மாட்டாரு மாப்ள" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை அப்போது நான் முழுசாக நம்பினேன்.

அவர் என் அக்காவின் கணவர். நானும் ஷார்ஜாவிலேயே தொழில்பேட்டையில் ஒரு கராஜில் கார் ஏசி வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அர்பாப் குடும்பம் சாப்பிட்டுத் தூங்கியதும் அத்தான் எங்கள் ரூமுக்கு வருவார். வந்ததும் முதல் வேலை, மொபைலை அணைத்து எங்கள் அரிசி டின்னுக்குள் போட்டு மூடுவது. பிறகு என் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். எட்டுப் பேர் கிடக்கிற ரூம், டிவி அலறும், ஒருவன் மீன் பொரிப்பான், இன்னொருவன் போனில் பெண்டாட்டியோடு சண்டை போடுவான். அத்தனைக்கும் நடுவில் அவர் தனியாகப் படுத்திருப்பார். எப்படித்தான் முடிகிறதோ என்று நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

ஊரிலும் அவருக்கு இதே பாடுதான். நாலு அக்கா தங்கைகளுக்கு நடுவே ஒற்றை ஆண்பிள்ளை. லீவில் வந்தால் வீடு சங்கரன்கோயில் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிடும். ஒருத்தி "அண்ணே" என்பாள், இன்னொருத்தி "தம்பி" என்பாள், பிள்ளைகள் "மாமா" என்று காலைக் கட்டும், அவருடைய அம்மா அடுப்படியிலிருந்து பெயர் சொல்லிக் கத்துவாள். இத்தனை குரலுக்கும் கடைசியில் என் அக்காவின் "ஏங்க". அக்கா பொறுமைசாலி. "இவுகளக் கூப்பிட்டுக் கூப்பிட்டே எனக்குத் தொண்ட கட்டிப் போவுது தம்பி" என்று சொல்லும்போது அவள் முகத்தில் பெருமைதான் இருக்கும். புதுசாகக் கல்யாணமானவள். கூப்பிட ஓர் ஆள் இருப்பதே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அர்பாப் பிரான்சில் ஒரு வீடு வாங்கினார். பாரிசில் இல்லை, அங்கிருந்து பல மணி நேரம் தள்ளி ஒரு பட்டிக்காட்டில். ஜூன் பிறந்து ஷார்ஜாவில் அனல் அடிக்கத் தொடங்கியதும் குடும்பத்தோடு அங்கே போய்விடுவார்கள். வேலைக்காரர்களுக்கு அதுதான் லீவு காலம். முதலாளி இல்லாத வீட்டில் டிரைவருக்கு என்ன வேலை? ஆனால் அந்த முதல் வருடம் பெட்டி தூக்கவும் தோட்டம் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும் என்று அத்தானைக் கூட்டிப் போனார்கள். விசா எடுத்துக் கொடுத்தார்கள். ஊரில் அக்கா சாமி படத்துக்குப் பூப் போட்டாள். புருஷன் பிரான்சுக்குப் போகிறார் என்றால் சும்மாவா.

செப்டம்பரில் அவர் திரும்பி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அர்பாபின் பெரிய காரை சர்வீசுக்கு எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தார். இரண்டு மூன்று மாதம் ஷெட்டில் கிடந்த கார், பானெட் முழுக்கப் புழுதி. "இங்க வா மாப்ள" என்று என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அந்தப் புழுதியில் விரலால் ரோடு போட ஆரம்பித்தார்.

அந்த வீட்டு ஷெட்டில் ஒரு பழைய சைக்கிள் இருந்திருக்கிறது. காலையில் ரொட்டி வாங்கி வருவது அத்தானின் வேலை. கடை பக்கத்து ஊரில். அர்பாப் குடும்பம் எழுந்திருக்க உச்சிப் பொழுதாகும். இவர் விடிந்ததும் கிளம்பிவிடுவார். போகிற வழியில் ஒரு சின்ன ரோடு பிரிந்ததாம். ஒரு நாள் அதில் திரும்பிப் பார்த்தார். அதிலிருந்து இன்னொன்று பிரிந்தது. அப்படியே ஒவ்வொன்றாக அந்தச் சுற்றுவட்டாரத்து ரோடெல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவிட்டது.

ரோடுகளுக்கு அந்த ஊர்ப் பெயர் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. தானாகவே பெயர் வைத்திருந்தார். ஆற்றை ஒட்டிப் போவது ஆத்து ரோடு. இரண்டு பக்கமும் உயரமான மரங்கள், பட்டை உரிந்து வெள்ளை வெள்ளையாக நிற்குமாம், உள்ளே போனால் வெயிலே தெரியாதாம். வெள்ளை மாடுகள் வேலிக்குள் படுத்திருப்பது மாட்டு ரோடு. எல்லாவற்றிலும் பிடித்தது மூணு ஏத்தத்து ரோடு. "நம்மூரு மலை மாதிரி செங்குத்தா நிக்காது மாப்ள. நிலமே மெத்தையப் போட்டு உதறுன மாதிரி ஏறி எறங்கிக் கெடக்கும். ஒரு ஏத்தம் ஏறுனா எறக்கம், காலே வைக்க வேண்டாம், அதுவா உருளும். அந்த வேகத்துலயே அடுத்த ஏத்தத்துல பாதி ஏறிரலாம். மிச்சப் பாதிதான் நம்ம கால்." மூன்றாவது மேட்டின் உச்சியில் ஒரு கல் சிலுவையும் ஒரு பெஞ்சும் உண்டு. அங்கே உட்கார்ந்தால் கீழே ஒரு பக்கம் முழுக்கச் சூரியகாந்தி, இன்னொரு பக்கம் அறுத்த கோதுமைக் காடு, நடுவில் தான் வந்த ரோடு பெல்ட் மாதிரி கிடக்குமாம்.

"ஒருத்தன் ஹாரன் அடிக்கல மாப்ள" என்றார். இதை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று எனக்குக் கணக்கில்லை. பின்னால் ஒரு கார் வந்தால் அது பாட்டுக்குப் பின்னாலேயே வருமாம், வளைவு முடிந்து எதிரே யாரும் இல்லையென்று தெரிந்த பிறகு அந்தப் பக்கமாக ஒதுங்கிக் கடந்து போகுமாம். வழியில் யாராவது கிழவி தோட்டத்தில் நின்றால் "போன்ஷூர்" என்று வணக்கம் சொல்லிக் கையைத் தூக்குவாள். முதல் நாள் அத்தான் பதறி இறங்கிவிட்டார், ஏதோ வேலை சொல்லக் கூப்பிடுகிறாள் என்று. அவள் சிரித்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். "அவ கூப்பிடல பாத்துக்கோ. நீ போற, நான் நிக்கேன், அம்புட்டுதான். ஒண்ணும் வேண்டாம் அவளுக்கு."

கராஜில் எல்லோரும் சிரித்தார்கள். பாகிஸ்தான் பட்டாணி வெல்டர் ஒருவன், "பாய், அங்கே ஒரு பொண்ணு பார்த்துட்டே போல" என்று இந்தியில் கிண்டல் செய்தான். அத்தான் கோபப்படவில்லை. புழுதியில் போட்ட ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். வண்டி கழுவுகிறவன் குழாயோடு வந்தபோது, பானெட்டைக் கடைசியாகக் கழுவச் சொன்னார். எனக்கு அன்றைக்கு அவரை ரொம்பப் பிடித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தொழில்பேட்டை ரோட்டில் ஓட்டுவார். அங்கே மரமா, மாடா? ஒரு பக்கம் ஸ்கிராப் யார்டு, இன்னொரு பக்கம் லாரிகள், நடுவில் சாக்கடை நாற்றம். ஒரு தண்ணீர் டேங்கர் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்து அவரை உரசிவிட்டுப் போனது. முழங்காலில் தையல் போட வேண்டியதாயிற்று. சைக்கிளை எங்கள் ரூமின் பின்னால் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, அதன் பிறகு தொடவே இல்லை. கோடை வந்ததும் டயர் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது.

கல்யாணமாகி மூன்று வருடமாகியும் அக்காவுக்குக் குழந்தை இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒரு மாதம் வந்து போகிற புருஷன், அதில் பாதி நாள் விருந்துக்கும் கோயிலுக்கும் போய்விடும். திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாவிடம் எங்கள் அம்மா அவளைக் கூட்டிப் போனாள். சோதித்துப் பார்த்துவிட்டு அந்த டாக்டரம்மா தெளிவாகச் சொன்னாள்: சிகிச்சை செய்யலாம், பலன் இருக்கும், ஆனால் ரெண்டு பேரும் சேர்ந்து வர வேண்டும், ரெண்டு மூன்று மாதம் அவர் ஊரில் இருக்க வேண்டும், தள்ளிப் போடக் கூடாது, இவளுடைய உடம்பு வாகுக்குக் காலம் கொஞ்சம்தான்.

இரண்டு மூன்று மாதம் அத்தானுக்குக் கிடைப்பது கோடையில்தான். அக்கா மார்ச்சிலேயே போனில் ஆரம்பிப்பாள். அவளோடு பேச நான் வாங்கி வைக்கும் காலிங் கார்டு "அத்தான் கேட்டாவளா? லீவு உண்டுமா?" என்பதிலேயே தீர்ந்துபோகும். அத்தானும் "இந்த வருசம் கண்டிப்பா" என்றுதான் சொல்வார். மே கடைசியில் எங்கள் ரூமுக்கு வந்து, டின்னுக்குள் போனைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "அர்பாப் விடல மாப்ள. நீதான் வரணும்னு நிக்காரு. பாஸ்போர்ட் அவரு கையில இருக்கு, என்ன செய்யச் சொல்லுத?"

பாஸ்போர்ட், விசா கொடுத்த முதலாளியான கபீல் கையில் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே எந்தக் குடும்பத்தில் இந்தக் கதை இல்லை? நாங்கள் எல்லோரும் நம்பினோம். அடுத்த வருடமும் அதே பதில், அதற்கடுத்த வருடமும். குளிர்காலத்தில் ஒரு முறை பத்து நாள் அவசர லீவில் போய் வந்தார். டாக்டரம்மா சத்தம் போட்டு அனுப்பினாள்.

ஒவ்வொரு செப்டம்பரும் அவர் உடம்பு தெளிந்து, கன்னம் சிவந்து வருவார். ஒரு கோடையில் அங்கேயும் வெயில் கொளுத்தியதாம், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததாம். "இவுகளுக்கு இது வெயிலா! எனக்கு மார்கழி மாதிரி இருந்துச்சு. ரோடே எனக்குன்னு விட்டுட்டாங்க" என்றார். நான் அந்த ரோடுகளைப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை. ஆனாலும் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டிவிடுவேன். அந்த மூணு ஏத்தத்தையும் நான் வெறுக்கத் தொடங்கியது எப்போது என்று சரியாகத் தெரியவில்லை.

கடைசியாகப் போன கோடையில் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு திரும்பினார். மூன்றாவது இறக்கத்தில் விழுந்துவிட்டாராம். "ஒரு கல்லு கெடக்காத ரோடு மாப்ள. எதுல தட்டுச்சுன்னே தெரியல. யாரோ பிடிச்சுத் தள்ளுன மாதிரி இருந்துச்சு" என்றார்.

அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆனி மாதம் ஊரில் அக்கா உச்சினிமாகாளி கோயிலில் காசு வெட்டிப் போட்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் அது சாதாரணக் காரியம் இல்லை. நியாயம் கேட்க வேறு இடமில்லாதவர்கள் செய்வது. ஈரச் சேலையோடு போய், பலிபீடத்துக் கல்லில் காசை வைத்து, உளியால் இரண்டாக வெட்டி, குறையைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அது அம்மனுடைய வழக்கு. வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராத என் அக்கா, முகம் தெரியாத அந்த அரபிக்கு அதைச் செய்தாள். அத்தானிடம் சொல்ல வேண்டாம், கேட்டால் வேலை பார்க்கிற இடத்தில் அவருக்கு மனசு கலங்கும் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அர்பாப் ஒரு நாள் தானே காரை ஓட்டிக்கொண்டு கராஜுக்கு வந்தார். ஏசியில் அனல் வருகிறது, டிரைவருக்கு இன்னும் கைக்கட்டு பிரிக்கவில்லை என்றார். காசு வெட்டிச் சில மாதம் ஆகியும் ஆள் குத்துக்கல் மாதிரி இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வேலையைப் பார்த்தேன். ஆபீஸ் நாற்காலியை வண்டிக்குப் பக்கத்தில் போட்டுப் பாலில்லாத சுலைமானி டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், நீதான் என் டிரைவரின் மச்சினனா என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன்.

"வீட்டில் ஏதாவது சண்டையா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன், டிக்கெட் தருகிறேன், ஊருக்குப் போய்ப் பெண்டாட்டியைப் பார் என்று. அங்கே தோட்டத்துக்கு ஊர்க்காரன் ஒருவன் இருக்கிறான். இவன் கேட்க மாட்டேன் என்கிறான். 'மாஃபி முஷ்கில் அர்பாப், ஒண்ணும் பிரச்சினையில்ல, நான் உங்களோடயே வர்றேன்' என்கிறான். நல்ல விசுவாசி. ஆனால் பெண்டாட்டி பாவம் இல்லையா? நீயாவது சொல்."

என் கையில் இருந்த ஸ்பேனர் நழுவி இன்ஜினுக்குள் விழுந்தது. அதைத் தேடுகிற சாக்கில் ரொம்ப நேரம் குனிந்தே நின்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை அத்தான் வந்தார். போனை டின்னில் போட்டார். சுவரைப் பார்த்துப் படுத்தார். மற்றவர்கள் கிரிக்கெட் ஆடப் போயிருந்தார்கள். "அத்தான்" என்றேன். வழக்கம்போலத் திரும்பவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட எனக்கு மனசில்லை. அவர் முதுகைப் பார்த்தே சொன்னேன்.

"அர்பாப் கராஜுக்கு வந்திருந்தாரு."

திரும்பினார்.

"டிக்கெட் தாரேன் போன்னு வருசா வருசம் சொன்னாராமே."

எழுந்து காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார். மறுக்கவில்லை. ஒரு பொய்யாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லியிருந்தால் கைநீட்டியிருப்பேன். மாவுக்கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"அங்க என்ன யாரும் கூப்பிட மாட்டாவ மாப்ள" என்றார்.

"அக்கா கூப்பிட்டது காதுல விழலயா?"

"விழுந்துச்சு. தெனமும் விழுந்துச்சு. ரொட்டி வாங்கத்தான வந்தோம், திரும்பிருவோம்னு நெனப்பேன். சரி, இன்னும் ஒரு ஏத்தம் மட்டும் ஏறிட்டுத் திரும்பிருவோம்னு தோணும். ஏறுனா எறக்கம் இழுத்துட்டுப் போயிரும். அதே மாதிரிதான் இதுவும். இந்த ஒரு வருசம் மட்டும், அடுத்த வருசம் கண்டிப்பா ஊருன்னு..."

"நீங்க ஏத்தம் ஏறிக்கிட்டே இருங்க. டாக்டரம்மா சொன்ன காலம் உங்களுக்காக அங்கன நிக்குமாக்கும்?"

எனக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. சத்தியத்தைத் தூக்கித் தூரப் போட்டேன்.

"அக்கா காசு வெட்டிப் போட்டிருக்கா, தெரியுமா? உச்சினிமாகாளி கோயில்ல."

அவர் முகம் வெளிறியதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. "யாருக்கு?"

"அரபிக்கு."

"பேர் சொல்லியா வெட்டுனா?"

"பேர் அவளுக்கு என்ன தெரியும்? எம்புருசன எங்கிட்ட வரவிடாமப் பிடிச்சு வச்சிருக்கவன் எவனோ, அவன நீயே பாத்துக்கோ தாயேன்னு சொல்லித்தான் வெட்டுனா."

அத்தான் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு அடுத்த கையால் அதை மூடிக்கொண்டார். அவரைத் தேடி டின்னுக்குள் மொபைல் அடிக்கவில்லை, அதைத்தான் அணைத்துவிட்டாரே. கிரிக்கெட் ஆடப் போனவர்கள் வந்து லைட்டைப் போட்டார்கள்.

அடுத்த வாரமே ஊருக்குக் கிளம்பினார். அர்பாப் சந்தோஷமாக டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். மேடம் அக்காவுக்கென்று ஒரு சென்ட் பாட்டில் கொடுத்துவிட்டாள். இந்தத் தடவை மாதக்கணக்கில் ஊரில் இருந்தார், டாக்டரம்மாவிடம் போனார், சொன்ன ஊசி மாத்திரை எல்லாம் நடந்தது. எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் டாக்டரம்மா ஃபைலை மூடிவைத்துவிட்டு, "ரெண்டு வருஷம் முன்னால வந்திருந்தா என்னால ஏதாவது செஞ்சிருக்க முடியும்மா" என்றாளாம். அம்மா அதை என்னிடம் போனில் சொல்லி அழுதாள். நான் அப்போது ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். படுத்த வாக்கிலேயே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான், அக்கா வெட்டிய காசைத் திரும்ப எடுக்கச் சொல்லி அத்தான் அவளிடம் நச்சரிக்க ஆரம்பித்தார். "பாவம் அர்பாப், நல்ல மனுசன், எடுத்துரு" என்று. அக்காவுக்கும் பெரிய ஆட்சேபம் இல்லை. புருஷன்தான் வந்துவிட்டாரே. ஆனால் வெட்டியதை எடுப்பதற்கும் முறை உண்டு. வெட்டியவள் தன் வாயால் திருப்பிக் கேட்க வேண்டும், யாருக்கு வெட்டினாளோ அந்த ஆளும் பக்கத்தில் நிற்க வேண்டும். பூசாரி அதைச் சொன்னதும் அக்கா சிரித்திருக்கிறாள். "அந்த அரபிய நான் எங்க போயிக் கூட்டிட்டு வர?"

"அவருக்குப் பதிலா நான் நிக்கேன்" என்று அத்தான் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றாராம். அம்மன் முன்னால் நின்றதும் குரல் விட்டு அழுதுவிட்டாராம், பூசாரி பிடித்துக்கொள்ளும் அளவுக்கு.

முதலாளிக்காக எந்த டிரைவர் அப்படி அழுவான்?

அன்று சாயங்காலம் அக்கா எனக்குப் போன் செய்தாள். அவளாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் நான்தான் கூப்பிடுவேன். நடந்ததையெல்லாம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். பிறகு கேட்டாள்.

"அந்த அரபி இவுகளப் பிடிச்சு வைக்கல, இல்லியா தம்பி?"

"ஆமாக்கா."

"அங்கன யாரு இருக்கா?"

"யாரு, அக்கா?"

"பொம்பள. அந்த ஊர்ல. எங்கிட்ட மறைக்காத. நான் ஒண்ணும் செஞ்சிற மாட்டேன்."

இல்லை என்று சொன்னேன். சத்தியம் செய்தேன். சைக்கிளைச் சொன்னேன், ரொட்டியைச் சொன்னேன், ஆத்து ரோட்டையும் மாட்டு ரோட்டையும் மூணு ஏத்தத்தையும் சொன்னேன். அவளுக்கு அவர் இதையெல்லாம் சொன்னதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த ரோட்டுல யாரும் இருக்க மாட்டாகளா?"

"இருக்க மாட்டாங்க. அதுக்காகத்தான் போயிருக்காரு."

போனைக் காதிலிருந்து எடுத்து, கார்டு தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தேன். கார்டு என்னுடையது இல்லை, அவள் அல்லவா கூப்பிட்டிருந்தாள்.

"ஒருத்தி இருந்திருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும் தம்பி" என்றாள். "எங்கிட்ட இல்லாதது என்னமோ அவகிட்ட இருக்குன்னு நெனச்சிருப்பேன். யாருமே இல்லாத எடமா என்னவிடப் பெருசாப் போச்சு?"

அத்தான் திரும்பி ஷார்ஜாவுக்கு வரவில்லை. அர்பாப் இரண்டு முறை என்னிடம் விசாரித்தார். மூன்றாவது முறை வேறு டிரைவரோடு வந்தார். காசு கடைசியில் எடுக்கப்பட்டதா இல்லையா என்று அக்காவிடம் நான் கேட்கவில்லை.

துபாயில் மெட்ரோவுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த வருடம் நான் லீவில் ஊருக்குப் போனேன். அத்தான் சங்கரன்கோயிலில் ஒரு ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் நின்றது, காலையில் பால் வாங்கப் போவாராம். போன வேகத்தில் வந்துவிடுவார், வழியில் எங்கும் நிற்பதில்லை என்று, அவர்களோடு வந்து தங்கியிருந்த எங்கள் அம்மா சொன்னாள். என்னைப் பார்த்ததும் "வா மாப்ள" என்றார். பிரான்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தக் கையைப் பார்க்கும்போது மட்டும் பாவமாக இருந்தது. மணிக்கட்டில் எலும்பு கொஞ்சம் புடைத்துக்கொண்டு நின்றது.

நான் அங்கே இருந்த மூன்று நாளில் அக்கா அவரோடு சண்டை போடவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, சட்டை தேய்த்திருந்தது. ஆனால் "ஏங்க" என்ற அந்தச் சொல்லை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. காபியைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் தரையில் வைப்பாள், போய்விடுவாள். சாப்பாட்டுத் தட்டும் அப்படியே. யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வாள், அம்மா அவரிடம் சொல்வாள்.

கிளம்புகிற அன்று காலையில் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் அக்கா கையிலிருந்து ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. பெரிய சத்தம்கூட இல்லை. அத்தான் சட்டென்று பேப்பரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து அடுப்படி வாசலுக்குப் போய் நின்றார்.

"கூப்பிட்டியா?" என்றார்.

அக்கா டம்ளரை எடுத்துக் கழுவி அடுக்கில் கவிழ்த்தாள்.

"இல்லையே" என்றாள்.